வீட்டில் சுட்ட பிஸ்கோத்தும் கடைப் பொட்டலமும்



கிறிஸ்மஸ் திருநாள் வந்தால் நம் வீடுகளிலிருந்து அயல்வீடுகளுக்குப் பலகாரத் தட்டு போவது வழக்கம். அதிரசம், முறுக்கோடு இப்போது சில வீடுகளில் ஓட்ஸ் பிஸ்கோத்தும் சேர்ந்திருக்கிறது. 1 கோப்பை ஓட்ஸ், முக்கால் கோப்பை கோதுமை மாவு, அரைக் கோப்பை வெல்லத்தூள், அரைக் கோப்பை வெண்ணெய், சிட்டிகை சமையல் சோடா, ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை, நறுக்கிய பேரீச்சம்பழம், பிசைவதற்குச் சிறிது பால்: இவ்வளவே. ஓட்ஸ் தனியே ஒட்டி நிற்காது. அதனால்தான் கோதுமையின் துணை. அவன் இல்லாதவர்கள் குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் நீக்கி, மெல்லிய தீயில் சுட்டெடுக்கிறார்கள். சூட்டில் மெத்தென்றிருக்கும், ஆறிய பின்பே இறுகும்.

இதில் ஒரு கேள்வி எழுகிறது. கையால் சுட்டு அனுப்புகிறவளுக்கு அன்பு அதிகம், கடைப் பொட்டலம் அனுப்புகிறவளுக்கு அன்பு குறைவு என்று சொல்லலாமா?

கைவேலைக்கு மதிப்பில்லை என்று ஆரணிக்காரர் யாரும் சொல்ல முடியாது. விசைத்தறிச் சேலையும் கைத்தறிச் சேலையும் ஒன்றல்ல என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவர்கள் நாம். 1985-இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி, சில துணி வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்க வழிசெய்தது. 2006-இல் கைத்தறி முத்திரையும் வந்தது. வீட்டில் சுடுகிறவளும் அவ்விதமே. தாத்தாவின் பல்லுக்கு இது கடினமாகுமா, சின்னவன் பேரீச்சம்பழத்தைப் பொறுக்கி எறிவானா என்று எண்ணிப் பிசைகிறாள். கடைப் பிஸ்கோத்து இன்னாருக்கென்று சுடப்படுவதில்லை. ஆகவே கைவேலையின் உயர்வு, யாருக்காகச் செய்கிறோம் என்ற நினைவில் இருக்கிறது.

ஆனால் அந்த நினைவு வீட்டு அடுப்பில் மட்டுந்தான் பிறக்குமா? விடிந்தது முதல் தார் சுற்றி, புருஷனோடு தறியில் உட்கார்ந்து, இரவில் உலை வைக்கிற தாயை எண்ணிப் பாருங்கள். அவள் கை அன்றைய உழைப்பையெல்லாம் பட்டு இழைக்குக் கொடுத்துவிட்டது. அந்தக் கூலியில் அவள் வாங்கிய பொட்டலத்திலும் அவள் கைவேலை இருக்கிறது அல்லவா? காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையைச் சேசுநாதர் புகழ்ந்தது, காசின் கணக்கைப் பார்த்தல்ல.

மறுபக்கம், வீட்டில் சுட்டும் அன்பில்லாமல் இருக்க முடியும். முழுப் பிஸ்கோத்தை நம் டப்பாவில் வைத்துக்கொண்டு, உடைந்ததையும் கருகியதையும் எதிர்வீட்டு ஏழைக்கு அனுப்பினால், அது நம் கையால் செய்தது என்று சொல்லிப் பயன் என்ன? இழை அறுந்த இடத்தை மடிப்புக்குள் மறைத்து விற்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

ஆகவே, மூன்று காரியம் செய்வோம். கடையில் வாங்கியதை வாங்கியது என்றே வெட்கமின்றிச் சொல்லுவோம். விசைத்தறியைக் கைத்தறி என்று விற்பதைக் கண்டிக்கிற நாம் இதிலும் உண்மையாய் இருக்க வேண்டும். சுட்டு விற்றுப் பிழைக்கிற ஏழைப் பெண்ணிடம் அடிமாட்டு விலை பேசாதிருப்போம். சேலைக்கு நியாயக் கூலி கேட்கிறவர்கள் பலகாரத்துக்கும் நியாய விலை கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். மூன்றாவது, நேரமும் அடுப்பும் உள்ளவள், அவை இல்லாத அயல்வீட்டாளை ஒரு மாலை அழைத்து, "வா அக்கா, சேர்ந்து பிசைவோம்" என்று சொல்லட்டும். பிள்ளைகள் திராட்சையைப் பதிக்கட்டும். சுட்டதை இரண்டு வீட்டுக்கும் சரிபாதியாகப் பிரியுங்கள்.

அப்போது எந்த வீட்டுத் தட்டு உயர்ந்தது என்ற பேச்சுக்கே இடமிராது.