கூலி கொடுத்தால் கடன் தீருமா?

அய்யா துணை



இன்று ஊருக்கு ஊர் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், பெற்றோர் படுக்கையில் கிடக்கிறார்கள். பார்த்துக்கொள்ள ஹோம் நர்ஸ் என்று ஒரு பெண்ணை வைக்கிறோம். சம்பளம் கொடுத்துவிட்டால் நம் கடன் தீர்ந்துவிடுமா? பிறரைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. நானே தவறிய இடம் இது.

என் தாயாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. 8 மாதம் என் மனைவி ஒருத்தியே தூக்கினாள், துடைத்தாள். அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகுதான் ஒரு அம்மாவை வேலைக்கு வைத்தோம். நானோ விடியுமுன் எழும்பி நிழல்தாங்கலுக்குப் போய்விடுவேன். பெருக்குவது, தண்ணீர் கோருவது, விளக்கு வைப்பது எல்லாம் என் பணிவிடை.

ஒருநாள் தாயாரின் வால் எலும்புப் பக்கம் சிவந்திருந்தது. படுக்கைப்புண்ணின் தொடக்கம். "வாங்குற சம்பளத்துக்கு 2 மணிக்கூருக்கு ஒருதடவை திருப்பிப் போடப்படாதா?" என்று சத்தம் போட்டேன். அந்த அம்மா பதில் பேசவில்லை. பிறகு அடுக்களையில் என் மனைவியிடம், "அண்ணாச்சிக்குத் தாங்கலுக்குப் போக நேரம் இருக்கு, பெத்தவ பக்கத்துல இருக்க நேரம் இல்ல" என்று சொன்னது காதில் விழுந்தது. கோபத்தோடேயே உச்சிப்படிப்புக்குப் போனேன்.

தலைப்பாகை கட்டிப் பள்ளியறை முன் நின்றேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. எனக்குப் பின்னால் நின்றவர்களின் முகமும் தெரிந்தது. இத்தனை வருஷமாக நான் என் முகத்தை மட்டும்தானே பார்த்து வந்தேன் என்று மனசு குத்தியது.

அன்றிரவு அந்த அம்மாவைத் தூங்கச் சொல்லிவிட்டு நானே உட்கார்ந்தேன். 10 மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தேன். 12 மணிக்கும் 2 மணிக்கும் அப்படியே. 4 மணிக்கு எழும்பவில்லை. கண் விழித்தபோது 6 மணி. ஒரே இரவில் தவறிய நான், பகலும் இரவும் ஒற்றையாளாய் நின்றவரை ஏசியிருக்கிறேன்!

"தாயே, நீங்க ஒரு ராத்திரி முழுசாத் தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன். அவர் அழுதுவிட்டார். அவர் வீட்டிலும் மாமியார் படுக்கையில்தானாம். பள்ளிக்கூடம் போகும் மகள் பார்த்துக்கொள்கிறாளாம். என் மனைவி பட்ட 8 மாதப் பாட்டைக் கேட்டபோது, "நானும் தெரியாமப் பேசிட்டேன் அண்ணாச்சி" என்றார்.

அய்யா 1833-ல் வைகுண்டராய் அவதரித்த காலத்தில், திருவிதாங்கூரில் ஊழியம் என்ற பெயரில் நம் முன்னோரிடம் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். அதை அய்யா எதிர்த்தார். ஆகவே கூலி என்பது நாம் போடும் பிச்சை அல்ல, உழைப்பவரின் உரிமை. ஆனால் கூலியைக் கொடுத்துவிட்டுத் தூக்கத்தையும் மரியாதையையும் பறித்தால், அதுவும் பாதி ஊழியம்தான்.

இன்னொன்றும் உண்டு. பொறுத்துப்போவது வேறு, கண்டும் காணாமல் விடுவது வேறு. புண் கண்டால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்லுமுன் ஒரு இரவாவது அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்போது சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. திருப்பிய நேரத்தை மூவரும் அதில் எழுதுகிறோம். இரவு 2 மணி என் முறை. ஞாயிறு அந்த அம்மாவுக்கு லீவு. ஒரு வாரத்தில் சிவப்பு மறைந்தது.

நாம் கொடுக்கும் கூலி அவர் உழைப்புக்கு. தாய்க்குப் பட்ட கடன் நம் தலையில்தான் இருக்கிறது. தாங்கலில் விளக்கு வைப்பதும் பணிவிடை, தாயைத் திருப்பிப் படுக்க வைப்பதும் பணிவிடை. அதைச் செய்கிறவர் கூலி வாங்கினாலும் அவரும் பணிவிடைக்காரரே.

அய்யா உண்டு.