மக்ஸூம் கோத்திரத்தாரும் ஹேக் நீதிமன்றமும்



மக்ஸூம் கோத்திரத்துப் பெண் ஒருத்தி திருடிவிட்டாள். குறைஷிகளில் உயர்ந்த குடும்பம். கலங்கிப்போனவர்கள், நபி (ஸல்) அவர்களிடம் பரிந்து பேச உஸாமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். அவள் திருடவில்லை என்று அவர்கள் வாதிடவில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் தண்டனை வேண்டாம் என்பதே கோரிக்கை. நபியவர்கள் கோபமுற்றார்கள். தம் மகள் ஃபாத்திமாவே திருடினாலும் சட்டம் இதுதான் என்று அறிவித்தார்கள்.

அதே கோரிக்கையை இன்று ஒரு வல்லரசு வைக்கிறது. 1998-ல் ரோம் நகரில் 120 நாடுகளின் ஆதரவோடு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான ஒப்பந்தம் நிறைவேறியது. எதிர்த்த 7 நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. 2000-ன் கடைசி நாளில் கையெழுத்திட்டது. 2002-ல் இதற்குக் கட்டுப்பட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

"எங்களிடமே நீதிமன்றங்கள் உண்டு. நாங்கள் ஏற்காத ஒப்பந்தம் எங்களை எப்படிக் கட்டுப்படுத்தும்?" என்பது அவர்கள் வாதம். ஆனால், ஒரு நாடு தன் குற்றவாளியை உண்மையாக விசாரித்தால் அந்த நீதிமன்றம் தலையிடாது. அதன் சட்டமே அப்படித்தான். மேலும், அந்த வாதம் எல்லோருக்கும் பொருந்த வேண்டுமல்லவா? ரஷ்யாவும் அதில் உறுப்பு நாடல்ல. 2023-ல் புதினுக்குப் பிடியாணை வந்தபோது அமெரிக்க அதிபர் அதை நியாயம் என்றார். 2024-ல் காஸா விவகாரத்தில் நெதன்யாஹுவுக்குப் பிடியாணை வந்தபோது அதே அதிபர் அதைக் கண்டித்தார். 2025-ல் அடுத்த அரசு நீதிபதிகள் மீதே பொருளாதாரத் தடை விதித்தது.

சகோதரர்களே! இதைக் கேட்டு நம் மனம் கொதிக்கிறது. நாம் மட்டும் எப்படி இருந்தோம்? சூடானின் தார்ஃபூரில் கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அதற்காக 2009-ல் அதிபர் உமர் அல்பஷீருக்குப் பிடியாணை வந்தபோது, அரபு லீக் அதை நிராகரித்து அவர் பக்கம் நின்றது. நம்மவர் என்றதும் கொல்லப்பட்டவரும் நம்மவர்தான் என்பது மறந்துபோனது.

உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் உறுதியாக நில்லுங்கள் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:135). அடுத்தவர் பிள்ளைக்கு ஜமாஅத்தில் ஒரு தீர்ப்பு, நம் பிள்ளைக்கு வேறு தீர்ப்பு கேட்கும் நாளில் நாமும் மக்ஸூம் கோத்திரத்தாரே. மறுமையின் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட மாட்டேன் என்று எந்த வல்லரசும் எழுதிக் கொடுக்க முடியாது. நாமும்தான்.

நமக்கே பாதகமானாலும் நீதியின் பக்கம் நிற்கும் உள்ளத்தை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.