பெயரின் விலையும் பொருளின் மதிப்பும்

பழைய ஓவியமொன்றை மதிப்பிடப் புகுவோர் முதலிற் கேட்கும் வினா, "இதனை வரைந்தவர் யார்?" என்பதேயாம். புகழ்மிக்க பெயரொன்று கிடைத்தால் விலை ஏறுகிறது. அப்பெயரில் ஐயம் தோன்றினால் விலை இறங்குகிறது. இவ்விரண்டிற்குமிடையே ஓவியத்தில் ஒரு கோடேனும் மாறுவதில்லை. அங்ஙனமாயின், நாம் மதித்தது ஓவியத்தையா, பெயரையா?

பெல்ஜிய நாட்டின் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸில் உள்ள அரச கலைக்கூடம் 1912ஆம் ஆண்டில் ஒரு தைலவண்ண ஓவியத்தை வாங்கிற்று. 'இக்காரஸின் வீழ்ச்சி' என வழங்கும் அது, பழைய கிரேக்கக் கதையொன்றைக் காட்டுவது. கிரீட் தீவில் சிறைப்பட்டிருந்த டீடலஸ் என்னும் கைத்தொழில் வல்லோன், இறகுகளை மெழுகினாற் பிணைத்துச் சிறகுகள் செய்து, தன் மகன் இக்காரஸுடன் பறந்து தப்பினான். தந்தை சொல்லை மறந்து மைந்தன் கதிரவனை நெருங்கவே, மெழுகு உருகிற்று; அவன் கடலில் வீழ்ந்து மாண்டான்.

இவ்வோவியம் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பீட்டர் புரூகெல் வரைந்ததென நெடுங்காலம் போற்றப்பட்டது. பின்னர் ஆய்வாளர் ஐயுற்றனர். அவருடைய பிற தைலவண்ண ஓவியங்கள் மரப்பலகையில் அமைந்தவை. இதுவோ கித்தானில் அமைந்தது. மறைந்துபோன அவரது மூல ஓவியத்தைக் கண்டு வேறொருவர் வரைந்த படியே இஃதென இன்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இத்தகைய ஆராய்ச்சி வேண்டாத வேலையா? அன்று. பொய்யான பெயரால் வந்த பெருமையைக் கட்டிக்காப்பது நேர்மையாகாது. ஆயினும், பெயரை ஆராய்வது வேறு. பொருளின் தகுதியை ஆராய்வது வேறு.

தகுதியை அறிய விரும்புவோர் ஓவியத்தையே நோக்கவேண்டும். முன்னே ஓர் உழவன் ஏரோட்டுகிறான். அப்பால் ஓர் ஆயன் அண்ணாந்து நிற்கிறான். கரையில் ஒருவன் தூண்டிலிடுகிறான். கப்பலொன்று பாய்விரித்துச் செல்கிறது. இக்காரஸ் எங்கே? ஒரு மூலையில், நீருக்குமேல் இரண்டு கால்கள் மட்டுமே தெரிகின்றன!

ரோமானியக் கவிஞர் ஓவிட் கூறிய கதையில், உழவனும் ஆயனும் தூண்டிற்காரனும் வானிற் பறப்போரைக் கண்டு, தேவர்களோ என வியக்கின்றனர். ஓவியத்திலோ, வீழ்ந்தவனை அம்மூவரில் ஒருவரும் காணவில்லை. உயரப் பறப்பவனை வியக்கும் உலகம், மூழ்குபவனைக் காண்பதில்லை என்னும் உண்மையை இதனினும் தெளிவாக உரைப்பது அரிது.

அம்மூவரைப் பழித்தல் எளிது. ஆனால், அவர்கள் தத்தம் தொழிலில் ஆழ்ந்திருந்தனர். கூக்குரல் அவர்கள் செவிக்கு எட்டாதிருந்திருக்கலாம். நாமோ அக்கால்களைக் கண்டுவிட்டோம். கண்ட பின்னரும், "எவர் வரைந்தது? என்ன விலை பெறும்?" என்று மட்டும் கேட்டு அகல்வோமாயின், அவர்களோடு நாமும் நான்காமவராய் நிற்கின்றோம்.

மனிதரை மதிப்பிடும்போதும் இதே பிழை நேர்கிறது. எவர் மகன், எவ்வூரான், எவ்வளவு உடையான் என்று வினவி முடிப்பதற்குள், எதிரே நிற்பவனின் துயரம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. வரைந்த கை எவருடையதாயினும், மூழ்கும் சிறுவனின் கால்கள் அங்கே தெரிந்துகொண்டேயிருக்கின்றன. பெயர் வீழ்ந்தபின்னும் வீழாது நிற்பது எதுவோ, அதுவே ஓவியத்தின் மதிப்பு; அதனைக் காணும் கண்ணே நம்முடைய மதிப்பு.