படிப்புக் கடனும் நம் பேரேடும்

கியா பார்ம் சந்தையில் விடியற்காலையில் காய்கறிக் கூடைகள் வந்து இறங்கும் வேளையில், நம் கடைக்காரச் சகோதரர்கள் செய்கின்ற முதல் வேலை யாது? முந்திய வாரத்துப் பாக்கியைத் தோட்டக்காரத் தவுக்கேயிடம் எண்ணிக் கொடுப்பதுதான். மழை பிடித்துக்கொண்டு மலையேறி வருவோர் குறைந்த வாரத்திலும், கைமாற்று வாங்கியாவது அதைக் கொடுத்துவிடுகிறோம். நாணயம் போனால் நாளைக்குச் சரக்கு வராது என்பது ஒரு காரணம். அந்த மனிதரின் முகத்தில் மறுநாளும் விழிக்க வேண்டும் என்பது மற்றொரு காரணம்.

ஆனால் நம் வீடுகளிலேயே இன்னொரு கடன் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறோம்.

"தம்பி, படிப்புக் கடன் தவணை கட்டினாயா?" என்று தந்தை கேட்கிறார்.

"அது அரசாங்கப் பணம்தானே அத்தா! யார் வந்து கேட்கப் போகிறார்கள்?" என்கிறான் பட்டம் பெற்று, கோலாலம்பூரில் உத்தியோகம் பார்க்கும் மகன்.

தந்தையும் பேசாமல் கல்லாவைப் பூட்டுகிறார். இக்காட்சி ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடப்பதன்று என்பதை நாம் அறிவோம். ஆகவே நாம் ஆராய வேண்டிய கேள்வி இதுதான்: கொடுத்தவரின் முகம் நம் கண்ணுக்குத் தெரியாவிட்டால், கடன் கடனாகாமல் போய்விடுமா?

தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் என்னும் பி.டி.பி.டி.என். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்தது. பல்கலைக்கழகப் படியேற வசதியில்லாத நம் பிள்ளைகள் பலர் அதன் உதவியால் படித்தார்கள். படிக்கும் காலத்தில் அது நமக்கு ரஹ்மத்தாகத் தெரிந்தது. திருப்பிக் கொடுக்கும் காலத்தில் மாத்திரம் பாரமாகத் தெரிகிறது. கட்டாதோர் வெளிநாடு செல்லத் தடை இருந்த நாளில் பயந்து கட்டியவர் பலர். 2018இல் அத்தடை நீக்கப்பட்டதும் கை தளர்ந்தவரும் உண்டு. சட்டத்தின் பிடி இறுகும்போது கட்டி, தளரும்போது விட்டுவிடுவது காவல்காரன் இருக்கும்வரை மட்டும் யோக்கியனாக இருப்பதற்கு ஒப்பாகும். முஸ்லிமுக்கு அது அழகன்று.

நம் மார்க்கம் கடனை எவ்வளவு பெரிதாக மதிக்கிறது என்பதற்கு ஒன்று சொல்லலாம். திருமறையின் மிக நீண்ட வசனம் தொழுகையையோ நோன்பையோ பற்றியதன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இவருக்குக் கடன் உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். உண்டு என்றும், அதை அடைக்க அவர் எதுவும் விட்டுச்செல்லவில்லை என்றும் தெரிந்ததும், தோழர்களையே தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே தாமும் தொழுதார்கள். அந்தக் கடன் சில தீனார்களே!

"அந்தக் கடனில் வட்டி கலந்திருக்கிறதே, வட்டி ஹராமல்லவா?" என்று கேட்போரும் உளர். கேள்வி நியாயமானதே. முற்காலக் கடன்களைப் பற்றி அக்கவலை இருந்தது. அதனால்தான் 2008இல் உஜ்ரா என்னும் சேவைக் கூலி முறை, ஆண்டுக்கு நூற்றுக்கு 1 என்ற கணக்கில் வந்தது. பழைய கடனை அதற்கு மாற்றிக்கொள்ளவும் வழி செய்தார்கள். இதற்குப் பின்னும் மனம் ஒப்பாதவர் ஆலிம்களிடம் போய்க் கேட்கட்டும். ஆனால் வட்டி ஹராம் என்று சொல்லிக்கொண்டு முதலையே விழுங்கிவிடுவது எந்த மார்க்கத்தின் சட்டம்?

இனி, அந்தக் கடனுக்கு முகமே இல்லையா? உண்டு. திரும்பி வரும் பணத்திலிருந்துதான் அடுத்த பிள்ளைக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. மலைச்சரிவில் கொழுந்து பறிப்பவரின் மகளோ, நம் பக்கத்துக் கடைக்காரரின் மகனோ, அடுத்த ஆண்டு விண்ணப்பம் போடுவார்கள். நாம் நிறுத்தி வைத்திருப்பது அவர்களுடைய பணம். 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியை நிறுவியவர்கள் வணிகப் பெருமக்களே. தம் ஊர்ப் பிள்ளைகள் படிப்பதற்காகத் தம் கைப்பொருளை ஈந்தார்கள். அத்தகைய சமூகத்தில் பிறந்த நாம், ஈய வேண்டாம், வாங்கியதைத் திருப்பியேனும் கொடுக்க வேண்டாமா?

கணக்கைப் பார்ப்போம், நாம் கணக்குத் தெரிந்தவர்கள். 24,000 வெள்ளிக் கடனைப் பதினைந்து ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 240 வெள்ளி வீதம் உஜ்ரா 3,600 வெள்ளி. ஆக மொத்தம் 27,600 வெள்ளி. இதை 180 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் சுமார் 153 வெள்ளி, நாளொன்றுக்கு ஐந்து வெள்ளியைச் சற்றே தாண்டும். மலையாய்த் தெரிந்தது எவ்வளவு சிறுத்துவிட்டது, பார்த்தீர்களா?

மாதச் சம்பளக்காரப் பிள்ளை, சம்பளம் வந்த அன்றே இதை எடுத்து வைக்கட்டும். வீட்டு வாடகை, சாப்பாடு, பெற்றோருக்கு அனுப்புவது, படிப்புக் கடன் ஆகிய நான்கும் போக மிஞ்சுவதே அவன் பணம். புதுக் கைப்பேசியும் மோட்டார் வண்டியும் அந்த மிச்சத்தில் வரட்டும். நம்மோடு கடையில் நிற்கும் பிள்ளைக்கு வருமானம் ஒரே சீராக இராது. பள்ளி விடுமுறையில் சாலை அடைபடும் அளவுக்குக் கூட்டம் வரும். மழைக் காலத்தில் ஸ்ட்ராபெரிப் பழம் வாடிப்போகும். தவணையோ மாதந்தோறும் ஒரே அளவில் வரும். ஆதலால் கூட்டம் உள்ள மாதத்தில் இரண்டு மூன்று தவணைகளைச் சேர்த்தே ஒதுக்க வேண்டும். சரக்குப் பணத்தை இப்படித்தானே ஒதுக்குகிறோம்!

கையெழுத்திட்டவன் மகன், தந்தை கடனாளியல்லர் என்பது உண்மையே. ஆயினும் தவணை நிலுவையில் நிற்க, மகனின் கல்யாண விருந்துக்கு ஆயிரம் பேரை அழைப்பது எப்படி? உம்ராவுக்குப் பயணச் சீட்டு எடுப்பது எப்படி? தவணை தவறாமல் கட்டி வருபவன் இவற்றைச் செய்யலாம். அவன் மீது குற்றமில்லை. கையில் இருந்தும் இழுத்தடிப்பதே அநியாயம் என்பது நபிமொழியின் கருத்து.

கையில் இல்லாதவனோ வேறு. வேலையிழந்தவன், நோயுற்றவன், கடை நொடித்தவன் ஆகியோரை நாம் பழிக்கலாகாது. சிரமப்படுகிற கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வதும் அதே திருமறைதான். அப்படிப்பட்டவன் ஒளிந்துகொள்ளாமல், அலுவலகத்துக்குச் சென்று நிலைமையைச் சொல்லித் தவணையை மாற்றிக் கேட்கட்டும். ஜகாத்துப் பெறத்தக்க எட்டு வகையாரில் கடன்பட்டோரும் ஒரு வகையார் என்பதை நாம் மறக்கலாகாது. ஆகவே மெய்யாகவே முடியாதவனைக் கைதூக்கி விடுவது ஜமாஅத்தின் கடமை. முடிந்தவனுக்குப் புத்தி சொல்வது தந்தையின் கடமை.

சகோதரர்களே! இன்றிரவு கடை அடைத்த பின், தவுக்கேயின் பாக்கியை எழுதும் அதே பேரேட்டில், அதற்குக் கீழே, பிள்ளையின் படிப்புக் கடனையும் ஒரு வரியாக எழுதுவோம். எழுதிவிட்டால் மறக்க முடியாது. எழுதாவிட்டாலும், எழுதுகின்ற மலக்குகள் மறப்பதில்லை.

எவருக்கும் கடனாளியாக இல்லாத நிலையில் தன்னைச் சந்திக்கும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் யாவருக்கும் அருள்வானாக! ஆமீன்.