பெட்டிக்குள் பூட்டிய பாட்டு

சாரல் காலத்துக் குற்றாலத்தைக் கண்டோர் அறிவர். மலை முகட்டிலே முகில் மோதும். பேரருவி பாறையிலே வீழ்ந்து, பொங்குமாங்கடலிலே புரண்டெழுந்து, மக்கள் தலைமீது பாயும். நீரின் கீழே நிற்பவனைப் பார்த்து, உன் குலம் எது, கோத்திரம் எது, காணி எத்தனை என்று அருவி கேட்பதில்லை. பண்ணையாரும் பாட்டாளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று நனைகின்றனர். “இந்த அருவியை நான்தான் முதலில் கண்டேன், ஆகவே இது எனக்கே உரியது” என்று எவனேனும் உரைத்தால் என்ன செய்வோம்? சிரிப்போம்!

ஆனால், அருவியைப் போலவே மக்களுக்காகப் பொங்கிய குரல் ஒன்று பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கிறது என்றால் நாம் சிரிப்பதில்லை. “அது அவருடைய சொத்து” என்று சொல்லிவிட்டு நடக்கிறோம். இது முறையா? இதைத்தான் இன்று எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

குற்றாலத்திலிருந்து சில கல் தொலைவில் இருக்கிறது செங்கோட்டை. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு ஒட்டிக் கிடந்து, பின்னர்த் தாயகத்தோடு இணைந்த ஊர். இன்று தென்காசி மாவட்டத்தின் ஓர் அங்கம். அவ்வூரிலே 1906ஆம் ஆண்டு பிறந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. சிறுவனாக நாடக மேடை ஏறியவர். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருந்த ஏழையின் காதுக்கும் எட்டும்படி பாடியவர். கொடுமுடி சுந்தராம்பாளும் அவரும் இணைந்து நடித்த நாடகங்களுக்குத் திரண்ட கூட்டத்தைப் பற்றி இன்றும் முதியோர் கேள்விவழிக் கதையாகக் கூறுவர். 1933 டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தேழே வயதில், அவர் மறைந்தார்.

முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்தது 1931 அக்டோபர் 31ஆம் நாள். அதன்பின் இரண்டே ஆண்டுகளில் கிட்டப்பா மறைந்துவிட்டார். திரையிலே அவர் தோன்றவே இல்லை. எனவே அவர் நடையை நாம் காண முடியாது. நடிப்பைக் காண முடியாது. எஞ்சியது குரல் ஒன்றுதான். அதுவும் எதிலே எஞ்சியது? அரக்கினால் ஆன இசைத்தட்டிலே! ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், சற்றே கூடலாம். கைதவறினால் உடையும். எஃகு ஊசி ஓடும்போதெல்லாம் வரிப்பள்ளம் சிறிது சிறிதாகத் தேயும். வெயிலில் வளையும், சாரல் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். இராமலிங்க அடிகளின் விருத்தத்தை அவர் பாடிய பாங்கை இன்று ஒரு தேநீர்க் கடையிலே, ஓர் இளைஞனின் கைப்பேசியிலே நாம் கேட்க முடிகிறது என்றால், யாரோ ஒருவர் அந்தத் தட்டைக் குப்பைக்குப் போகாமல் தடுத்தார், தம் வீட்டிலே காத்தார், பின்னர் ஊருக்கும் கொடுத்தார் என்பதுதான் பொருள்.

காக்கப்படாமல் போனவை எத்தனை! நூறாண்டுக்கு முன் சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ எங்கே? இல்லை. ‘காளிதாஸ்’ எங்கே? இல்லை. டி. பி. இராஜலட்சுமி, ஒரு பெண், 1936ஆம் ஆண்டிலேயே இயக்கிய ‘மிஸ் கமலா’ எங்கே? அதுவும் இல்லை. படச்சுருளில் கலந்திருந்த வெள்ளிக்காக அவற்றை விற்றவர் உண்டு. எளிதில் தீப்பற்றும் சுருள் என்பதால் எரிந்து போனவை உண்டு. இசைத்தட்டுக்கும் அதே கதி. இரண்டாம் உலகப் போரின்போது அரக்குக் கிடைக்காமல், அமெரிக்காவிலே பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கிப் புதிய தட்டு வார்த்தனர். பாட்டை உருக்கிப் பாட்டு!

இவற்றையெல்லாம் தேடித் திரிவோர் இருக்கின்றனர். அவர்களைப் பித்தர் என்று ஊர் ஏசும். நாம் ஏசமாட்டோம். தென்காசியிலே நமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம், அவரைப் போல் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். பழைய இரும்புக் கடை, இடிந்த வீட்டுப் பரண், 1985இல் எரிந்து போகுமுன் சென்னை மூர் மார்க்கெட் என்று அலைந்து, உண்ணாமல் உறங்காமல் நூற்றுக்கணக்கான தட்டுகளைத் திரட்டியவர். ஒருநாள் நமக்காகப் பெட்டியைத் திறந்தார். ஒரு தட்டைத் துணியால் துடைத்தார், ஊசியை மாற்றினார், கைப்பிடியைச் சுழற்றினார். இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் எழுந்தது. வேறெங்கும் நாம் கேட்டிராத பாட்டு. மூன்று நிமிடம். முடிந்தது. பெட்டி மூடப்பட்டது.

“அண்ணாச்சி, இதற்கு ஒரு படி எடுத்துக்கொள்ளலாமா?” என்றோம்.

“நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும் தம்பி? முன்னே ஒருவருக்குக் கொடுத்தேன். தாமே கண்டெடுத்ததாகச் சொல்லிக்கொண்டார். இனி யாருக்கும் கிடையாது” என்றார்.

அவர் சினத்திலே நியாயம் உண்டு. அதை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மையன்று. ஊர் எறிந்ததை அவர் எடுத்தார். ஊர் உறங்கியபோது அவர் விழித்திருந்தார். இன்று ஊர் விழித்துக்கொண்டு, “கொடு” என்று கை நீட்டினால், “எங்கே இருந்தாய் இத்தனை நாள்?” என்று அவர் கேட்கமாட்டாரா? கேட்க உரிமை உண்டு!

ஆயினும் நாம் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தட்டு வேறு, குரல் வேறு. தட்டு அவருடையது, விலை கொடுத்து வாங்கினார், அதைப் பறிக்க எவனுக்கும் உரிமையில்லை. ஆனால் குரல் அவருடையதா? பாடியவர் கிட்டப்பா. பாடப்பட்டது மக்களுக்காக. சட்டத்தைக் கேட்டாலும், ஒலிப்பதிவுக்கு நம் நாட்டிலே உரிமைக்காலம் 60 ஆண்டுகள்தாம்; கிட்டப்பா வாழ்ந்த நாளில் வெளிவந்த தட்டுகளுக்கு அது முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தட்டை அழுத்தி விற்ற நிறுவனத்துக்கே உரிமை ஓய்ந்துவிட்டது என்றால், கண்டெடுத்தவருக்கு மட்டும் அது எங்கிருந்து முளைத்தது? நெல்லை அளந்து கொடுத்தால் குதிர் குறையும். பாட்டைப் படியெடுத்துக் கொடுத்தால் குறைவது எது?

“பூட்டு இருந்ததால்தானே பொருள் பிழைத்தது?” என்று கேட்பாரும் உளர். அவர்கள் சான்றும் காட்டுவர். நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்து 1933இல் வெளியான ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் பேசாப் படம், நாவலின் உரிமை பற்றிய வழக்கிலே சிக்கிப் பறிமுதலாயிற்று. ஊர் ஊராக ஓடித் தேய்ந்திருக்க வேண்டிய படம், திருவனந்தபுரத்துப் புத்தகக் கடையொன்றிலே முடங்கிக் கிடந்தது. 1974ஆம் ஆண்டு புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு அது கிடைத்தது. தென்னாட்டுப் பேசாப் படங்களில் இன்று நம் கண்ணுக்குக் கிட்டுவது அதுபோல் மிகச் சிலவே. உண்மைதான், பூட்டு காத்தது. ஆனால் அது தற்செயல். நாற்பதாண்டுக் காலம் ஒரு கசிவு, ஒரு கறையான், ஒரு தீப்பொறி வராதது நம் நற்பேறு, பூட்டின் பெருமையன்று. பூட்டுக்குள் கிடந்த வரையில் அது இருந்ததும் இல்லாததும் ஒன்றே. திறந்த பிறகுதானே அது படம் ஆயிற்று!

பூட்டு காவாத கதையும் இதே மாவட்டத்திலே உண்டு. சங்கரன்கோவிலுக்கு அருகே கரிவலம்வந்தநல்லூர். பாண்டிய மரபினர் ஒருவர் திரட்டிய ஏட்டுச் சுவடிகள் அவ்வூர்க் கோயிலிலே இருப்பதாகக் கேள்வியுற்று, உ. வே. சாமிநாதையர் தேடிக்கொண்டு போனார். என்ன விடை கிடைத்தது? பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியக்கூடாதாம், நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடவேண்டும் என்பது முறையாம், அவ்வாறே இட்டுவிட்டார்களாம்! தம் வாழ்க்கை வரலாற்றிலே அவரே வேதனையோடு எழுதியிருக்கிறார். எத்தனை புலவரின் எத்தனை நாள் உழைப்பு அந்தத் தீயிலே புகைந்ததோ! பகைவன் எரிக்கவில்லை, நண்பர்களே. காவலுக்கு இருந்தவரே எரித்தனர், அதுவும் பக்தியோடு! படித்துப் பயன்கொள்ள வேண்டிய ஏட்டைப் பூசைப் பொருளாக்கியதன் விளைவு அது.

அந்த ஏடுகள் எரிந்தன. ஆனால் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி ஏன் எரியவில்லை? அது ஓர் இடத்திலே ஒடுங்கிக் கிடக்கவில்லை. பலர் படி எடுத்தனர், பலர் பாடினர், ஆடினர். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். 1894இல் சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றினார். அவர்களும் தேடினர்; ஊர் ஊராக அலைந்தனர்; கைப்பொருள் இழந்தனர். கண்டெடுத்த ஏட்டைப் பெட்டியில் பூட்டிக்கொண்டு, “என்னிடம் மட்டும் இருக்கிறது” என்று பெருமை பேசியிருந்தால், இன்று அவர்கள் பெயரை யார் அறிவர்? தேடியதால் மட்டுமன்று, கொடுத்ததால் வாழ்கிறார்கள்.

நம் காலத்திலும் உண்டு இத்தகைய சான்று. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின் அத்திரட்டு சிதறவில்லை. சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் கடல் கடத்தவில்லை. 1994ஆம் ஆண்டு சென்னையிலே நூலகமாயிற்று. இன்று எந்த ஊர் மாணவனும் அங்கே சென்று அமர்ந்து படிக்கலாம்.

படிக்கக் கூடாது, கேட்கக் கூடாது, தொடக் கூடாது என்று ஒரு கூட்டம் ஒருகாலத்தில் கல்விக்குப் பூட்டுப் போட்டது. கேட்ட காதுக்குத் தண்டனை என்று எழுதி வைத்தது. அந்தப் பூட்டை உடைப்பதற்கு எத்தனை பேர் பாடுபட்டனர்! அப்படியிருக்க, கலையை விரும்புவோரே புதிய பூட்டொன்றைச் செய்யலாமா? கோபுரத்தின் பெயரால் போட்டாலும் பூட்டு, கோலப் பெட்டியின் பெயரால் போட்டாலும் பூட்டு.

தேடுவோரிடம் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. புகழ்பெற்றவர் தட்டு என்றால் போட்டி போட்டு ஓடுகிறீர்கள். ஒலிப்பதிவு என்பது புதிதாய் வந்த நாளிலே, பெரிய வித்துவான்கள் பலர் தயங்கியபோது, துணிந்து குழாயின்முன் நின்று பாடியவர்கள் யார்? சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெண்கள்! சமுதாயம் அவர்கள் பாட்டைச் சுவைத்தது. அவர்களை மதிக்க மறுத்தது. அவர்கள் பாடிய தட்டைக் கண்டால், விலை போகாது என்று ஒதுக்காதீர்கள். யாரைத் தேடுகிறோம் என்பதிலும் உயர்வு தாழ்வு ஒளிந்திருக்கிறது.

ஊருக்கும் கடமை உண்டு. திரட்டியவரிடம் வெறுங்கையோடு சென்று “பொது நன்மை” என்று பேசுவது எளிது. தென்காசி போன்ற ஊர்களின் நூலகத்திலே ஓர் அறை, தூசும் ஈரமும் அண்டாத அலமாரி, தட்டைத் தேய்க்காமல் படியெடுக்கும் கருவி, அதை இயக்கத் தெரிந்த ஆள், இவற்றைத் தரட்டும் ஊர். படியெடுத்த ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் காத்தவர் பெயரைச் சொல்லட்டும். ஒருமுறை நன்றாகப் படியெடுத்துவிட்டால் மூலத் தட்டின்மீது ஊசியே வைக்க வேண்டியதில்லை. அது தேயாமல் உறங்கலாம். ஆக, கொடுப்பதுதான் காப்பது!

அண்ணாச்சி! உங்கள் தட்டை நாங்கள் கேட்கவில்லை. உங்கள் உழைப்புக்கு உரிய மதிப்பை மறுக்கவும் இல்லை. ஒருவர் உங்களை ஏமாற்றினார். அதற்காக ஊர் முழுவதையும் தண்டிக்கலாமா? உங்களுக்குப் பின் அந்தப் பெட்டியைத் திறப்பவர் யார்? அதில் இருப்பது பாட்டு என்று அவருக்குத் தெரியுமா, அல்லது எடைக்குப் போடும் பழம்பொருள் என்று எண்ணுவாரா? தொலைந்ததைக் கண்டெடுத்தீர்கள், பாதி வேலை முடிந்தது. கேட்பாரிடம் சேரும் வரை அது தொலைந்தே கிடக்கிறது.

செங்கோட்டைக்காரர் பாடியது கடைசி வரிசைக்கும் கேட்பதற்காக. கடைசி வரிசை இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. பெட்டியைத் திறவுங்கள்!