நாக்கு எங்கே நின்றுவிடுகிறது?

பாரிஸில் நாங்கள் வேலை செய்யும் றெஸ்ரோரண்டுக்கு நாலு கடை தள்ளி ஒரு வைன் கடை இருக்கிறது. எங்கள் முதலாளி வைன் எடுப்பது அங்கேதான். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அந்தக் கடையில் சுவைபார்க்கும் கூட்டம் நடக்கும். ஆறு போத்தல்களைத் திறந்து, சீஸும் பாணும் இறைச்சிச் சீவல்களும் வைத்து, எந்த வைனுக்கு எந்தச் சாப்பாடு பொருந்தும் என்று கடைக்காரர் விளக்குவார். வாடிக்கையாளருக்கான இந்தக் கூட்டத்துக்கு ஒருமுறை குசினியில் நிற்கும் எங்களையும் கூப்பிட்டார். பரிமாறுகிறவர்கள் மட்டுமல்ல, சமைக்கிறவர்களும் கோப்பை கழுவுகிறவர்களும் வரவேண்டும் என்றார். வேலை தொடங்க இன்னும் நேரம் இருந்தது. மூன்று பேர் போனோம்.

மேசையின் நடுவில் ஒரு வாளி இருந்தது. கடைக்காரர் ஒரு மிடறு எடுத்து, வாய்க்குள் காற்றை இழுத்து, நாக்கைச் சுற்றி உருட்டி, பிறகு அந்த வாளிக்குள் துப்பினார். எல்லோரும் அப்படியே செய்தார்கள். நாங்கள் விழுங்கினோம். உண்ணத்தக்க ஒன்றை வாயில் வைத்துவிட்டுத் துப்புவது எங்களுக்குப் பாவமான காரியமாகப் பட்டது. அந்த மேசையில் ஒரு போத்தலின் விலை எங்களுடைய அரைநாள் சம்பளம்.

"என்ன தெரிகிறது?" என்று கடைக்காரர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். காட்டுப்பழம் என்றார் ஒருவர். நனைந்த கல், பழைய தோல், புகையிலை என்று மற்றவர்கள் சொன்னார்கள். எங்களில் இளையவர் தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"அண்ணை, புளிக்குது. வேற ஒண்டும் தெரியேல்லை."

"எனக்குச் சிரிப்புத்தான் வருது" என்றார் மற்றவர்.

அன்றிரவு கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே நாங்கள் தர்க்கப்பட்டோம். அந்தத் தர்க்கத்தில் இரண்டு கேள்விகள் எழுந்தன. இவர்கள் சொல்வது உண்மையா, அல்லது வசதியுள்ளவர்களின் பாவனையா என்பது முதலாவது. உண்மையாகவே இருந்தாலும், எங்களைப் போன்றவர்கள் இதைப் பழகுவது சரியா என்பது இரண்டாவது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது பின்னர்தான் எமக்குப் புரிந்தது.

பாவனைதான் என்று சொல்பவர்களுக்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. 2001இல் பிரான்சிலேயே ஓர் ஆய்வு வெளியானது. போர்தோவில் வைன் சாஸ்திரம் படிக்கும் 54 மாணவர்களுக்கு, வாசனையில்லாத சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை வைனைக் கொடுத்தார்கள். சிவப்பு வைனுக்குச் சொல்லும் சொற்களையே அவர்கள் அதற்கும் சொன்னார்கள். கண் சொன்னதையே மூக்கும் சொல்லியது.

அதற்கும் முன்பு, 1976 மே 24ஆம் திகதி, இதே பாரிஸில் நடந்த கதை இன்னும் பிரசித்தமானது. மத்லேன் பகுதியில் வைன் கடை வைத்திருந்த ஸ்ரீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், ஒன்பது பிரெஞ்சு நிபுணர்களை உட்கார்த்தி, பெயர்களை மறைத்துப் பிரெஞ்சு வைன்களையும் கலிபோர்னியா வைன்களையும் கொடுத்தார். கலிபோர்னியாவின் வெள்ளை வைன் ஒன்றைக் குடித்த ஒருவர், மறுபடி பிரான்சுக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்று ஆறுதல்பட்டாராம். முடிவில் வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் பெற்றவை கலிபோர்னியாவின் 1973ஆம் ஆண்டு வைன்கள்.

இதைக் கேட்டதும் எங்கள் நண்பர் கைகொட்டிச் சிரித்தார். "பாத்தியளே, எல்லாம் பேய்க்காட்டல்!" ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த நிகழ்ச்சி எதிர்மாறான ஒன்றையும் சொல்கிறது. பெயர் மறைக்கப்பட்டபோது அந்த நாக்குகள் தங்கள் சொந்த நாட்டுக்கே எதிராகத் தீர்ப்புச் சொல்லின. போத்தலில் ஒட்டியிருந்த பெயர்தான் பொய் சொல்லியது, நாக்கு அல்ல. வென்ற அந்த வெள்ளை வைனை உருவாக்கியவர் மைக் கெர்கிச். 1923இல் டல்மேஷியாவில் பிறந்து, 1954இல் யூகோஸ்லாவியாவை விட்டு வெளியேறி, ஜேர்மனி, கனடா என்று அலைந்து, 1958இல் கலிபோர்னியா சேர்ந்தவர். நூறு வயதில், 2023இல் காலமானார். நாட்டை விட்டு ஓடிவந்த ஒருவரின் கைவேலையை, யாருடையது என்று தெரியாததாலேயே அந்த நிபுணர்கள் நேர்மையாக மதித்தார்கள். அன்று அவர்களுடைய கண்ணுக்கும் தெரிந்திருந்தால் என்ன தீர்ப்பு வந்திருக்கும்?

ஆகவே சுவையில் உண்மை உண்டு. டேவிட் ஹியூம் 1757இல் சுவையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில், டொன் கிஹோத்தே நாவலில் வரும் கதையொன்றை எடுத்துச் சொல்கிறார். ஒரு பீப்பாய் வைனை இரண்டு பேர் சுவை பார்க்கிறார்கள். நல்லதுதான், ஆனால் தோல் வாசம் அடிக்கிறது என்கிறார் ஒருவர். நல்லதுதான், ஆனால் இரும்பு வாசம் அடிக்கிறது என்கிறார் மற்றவர். ஊரே அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய ஒரு திறப்புக் கிடக்கிறது. பலர் சிரித்தாலும், இருப்பது இருப்பதுதான்.

எமக்கும் அப்படியொரு திறப்பு அகப்பட்டது. அடுத்த கூட்டத்துக்கு ஏதாவது சமைத்துக்கொண்டு வரும்படி கடைக்காரர் கேட்டார். நண்டுக்கறி கொண்டுபோனோம். தூள் குறைக்கவில்லை. அவர் அதற்கென்று தென்மேற்குப் பகுதியின் கனத்த சிவப்பு வைன் ஒன்றைத் திறந்தார். வாய் பற்றி எரிந்தது. மதுசாரம் உறைப்பின் எரிவைக் கூட்டும். சிவப்பு வைனின் துவர்ப்பு நாக்கை வறட்டும். வந்திருந்தவர்கள் தண்ணீரைத் தேடினார்கள். எங்களில் இளையவர் மேசையில் இருந்த வேறொரு போத்தலைக் காட்டினார். அது லுவார் ஆற்றுப்பக்கத்து வூவ்றே, சற்று இனிப்பும் புளிப்பும் உள்ள வெள்ளை. "இதை ஊத்திப் பாருங்கோ" என்றார். எரிவு அடங்கியது. நண்டின் இனிப்பு மேலே வந்தது. கடைக்காரர் இன்னொருமுறை தொட்டுக் குடித்துவிட்டு, எப்படித் தெரியும் என்று கேட்டார்.

எப்படித் தெரியும்? ஊரில் எங்கள் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. காலைக் கள்ளு இனிக்கும். நேரம் போகப் போகப் புளிக்கும், வெறி ஏறும். நண்டுக்கும் கணவாய்க்கும் இனிப்பு மாறாத கள்ளுத்தான் தோது என்று தவறணையில் குந்தியிருந்தவர்கள் சொல்லுவார்கள். வைன் கடைக்காரர் ஆட்டுப்பால் சீஸை அதே ஊரின் வெள்ளை வைனோடு வைப்பதும், கரையோரத்துப் பனையின் கள்ளைக் கரையோரத்து நண்டோடு வைப்பதும் ஒரே அறிவுதான். ஒன்றுக்குப் புத்தகம் இருக்கிறது, மற்றதற்கு இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. அதை எழுப்பியவர் இளையவர்தான். 2009இல் அவர் முள்ளிவாய்க்காலில் இருந்தவர். அரிசியும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்றவர். வூவ்றேயைக் காட்டிப் பாராட்டு வாங்கிய அன்றிரவு அவருக்கு நித்திரை வரவில்லை.

"அண்ணை, கஞ்சிக்கு நிண்ட இடத்திலேயே செத்துப்போன சனம். நான் இஞ்ச நிண்டு எது எதுக்குப் பொருந்தும் எண்டு கதைக்கிறன். இது துரோகம் இல்லையோ?"

இதற்கு உடனே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. பட்டினி கிடந்தவன் சுவை பேசக்கூடாது என்றால், சுவை என்பது பட்டினி அறியாதவர்களுக்கு மட்டுமே உரிய சொத்தாகிவிடும். எங்களை வரிசையில் நிறுத்தியவர்கள் எங்கள் நாக்கையும் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். அந்தக் கஞ்சியின் சுவை என்ன என்று அவரையே கேட்டோம். வெகுநேரம் யோசித்தார். புகை மணம், உப்பில்லாத வெறுமை, அடியில் பிடித்த அரிசியின் கசப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றையும் அவர் மறக்கவில்லை. வருடாவருடம் மே 18இல் நாங்கள் காய்ச்சும் கஞ்சிக்கு அந்தச் சுவை வருவதில்லை என்றும் சொன்னார். இதுவும் சுவையறிதல்தான். இன்பத்துக்காக அல்ல, சாட்சிக்காக.

எங்கள் அறைகளில் மறப்பதற்காகக் குடித்து அழிந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு என்ன குடிக்கிறோம் என்பது பொருட்டே இல்லை. மேசை நடுவில் இருந்த அந்த வாளியின் அர்த்தம் இப்போது கொஞ்சம் புரிகிறது. மறப்பதற்குக் குடிப்பவன் துப்பமாட்டான். அறிவதற்குக் குடிப்பவனுக்குத்தான் துப்பவேண்டி வருகிறது. கவனம் என்பது துரோகம் அல்ல. அப்படித்தான் இளையவருக்குச் சொன்னோம். ஆனால் அதைச் சொல்லிமுடிக்கும்போதே வேறொரு சங்கடம் வந்து நின்றது.

சிரித்த நண்பரின் பேரனார், கள்ளை வாயில் வைத்தவுடன் அது எந்த வளவுப் பனையின் கள்ளு என்று சொல்லக்கூடியவராம். முட்டியில் முதல்நாள் மிச்சம் இருந்ததா, தண்ணீர் கலந்ததா என்பதெல்லாம் தெரியுமாம். ஹியூம் கண்டால் கும்பிட்டிருப்பார். ஆனால் அந்தக் கள்ளைச் சீவி இறக்கியவர் அவர் வீட்டுப் படலைக்கு உள்ளே வந்ததில்லை. அவர் இறக்கிய கள்ளு தீட்டில்லை, அவர் தொட்ட தண்ணீர் தீட்டு. தேநீர்க்கடைகளில் சம கிளாஸுக்காகவும், கோயில்களுக்குள் போவதற்காகவும் 1960களில் யாழ்ப்பாணத்தில் மனிதர்கள் அடிபட்டுப் போராட வேண்டியிருந்தது. மரத்தைப் பெயர் சொல்லி அறிந்த நாக்கு, மரமேறிய மனிதனில் நின்றுவிட்டது.

நுண்ணிய சுவை மனிதனை நல்லவனாக்கும் என்று நம்பியவர்கள் உண்டு. ஹியூமும் அப்படி எண்ணியவர்தான். அதே ஹியூம், தேசங்களின் குணங்கள் பற்றிய தனது கட்டுரைக்கு 1750களில் சேர்த்த ஓர் அடிக்குறிப்பில், கறுப்பின மக்கள் இயல்பிலேயே வெள்ளையருக்குக் கீழானவர்கள் என்று தாம் சந்தேகிப்பதாக எழுதிவைத்தார். பீப்பாயின் அடியில் கிடந்த திறப்பின் கதையைச் சொன்னவருக்குத் தன் மனதின் அடியில் கிடந்தது தெரியவில்லை.

இது பழைய கதையும் அல்ல, எங்கள் ஊரின் கதை மட்டுமும் அல்ல. ஷாம்பெயின் பிரதேசத்தின் சரிவுகளும் நிலவறைகளும் 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அங்கே திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி. 2023 செப்ரெம்பர் அறுவடையில் அப்படிப் பறித்தவர்களில் ஐம்பதுக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த விசா இல்லாதவர்கள், மனிதர் வாழத்தகாத ஒரு வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். 2025 ஜூலையில் ஷாலோன் நீதிமன்றம் மூன்று பேரை மனிதக் கடத்தல் குற்றத்துக்காகத் தண்டித்தது. சரிவின் மண்ணைப் பற்றி, அதன் சுண்ணாம்பைப் பற்றி, அந்த வருடத்து வெயிலைப் பற்றி எத்தனையோ சொற்கள் உண்டு. அந்த வெயிலில் நின்ற முதுகுக்கு ஒரு சொல் இல்லை.

ஆகவே எங்கள் கேள்வி இப்போது மாறிவிட்டது. சுவையறிதல் பொய்யா என்பதல்ல கேள்வி, அது பொய்யல்ல. எங்களுக்கு அதில் உரிமை உண்டா என்பதுமல்ல, உண்டு. அது எங்கே நின்றுவிடுகிறது என்பதே கேள்வி. கண்ணை மறைத்துச் சுவைப்பது, போத்தலை நியாயமாகத் தீர்ப்பிடுவதற்கு நல்ல வழி. ஆனால் தீர்ப்பு முடிந்தபின் கண்ணைத் திறக்கவும் வேண்டும். கெர்கிச்சின் பெயரைப் பிறகாவது உலகம் கேட்டு அறிந்தது. மற்றவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை.

போன மாதக் கூட்டத்தில் ஷாம்பெயின் ஒன்று வைத்திருந்தார்கள். எங்களில் இளையவர் இம்முறை துப்பினார். பிறகு கேட்டார்: "இதைப் பறித்தது யார்?" கடைக்காரர் கேள்வியைப் பிழையாக விளங்கிக்கொண்டு திராட்சையின் இனத்தைச் சொன்னார். இவர் திருப்பிக் கேட்டார். கொஞ்சநேரம் ஒருவரும் பேசவில்லை. "தெரியாது" என்றார் கடைக்காரர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம். அதைச் சொன்னதற்காக அவர்மேல் எமக்கு மதிப்பு உண்டானது. அடுத்தமுறை கேட்டு வைப்பதாகவும் சொன்னார்.

அன்றிரவு வேலை முடிந்து வரும்போது, சிரித்த நண்பர் பேசாமல் வந்தார். மறுநாள் ஊருக்குத் தொலைபேசி எடுத்து, தங்கள் வளவில் கள்ளுச் சீவியவரின் பெயர் என்ன என்று தாயிடம் கேட்டிருக்கிறார். "இப்ப என்னத்துக்கு அது?" என்று கேட்டுவிட்டு, வீட்டில் அவரைக் கூப்பிடுகிற பட்டப்பெயரைத் தாய் சொன்னாராம். "அது இல்லையம்மா, சொந்தப் பேர்" என்று இவர் மறுபடி கேட்டிருக்கிறார். இருபது வருடம் அந்த வளவுக்கு வந்துபோன மனிதர் அவர். ஆரிடமாவது விசாரித்துச் சொல்கிறேன் என்றாராம் தாய்.

இன்னும் பதில் வரவில்லை.