புகைக்குச் சொந்தக்காரர் யார்?



நம் மீமிசல் பக்கத்தில் சீமைக்கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பது நாம் எல்லாரும் அறிந்த தொழில். மூட்டம் போடுகிறவர் கரியை மூட்டை கட்டி விற்றுக் காசாக்கிக்கொள்கிறார். கரி அவருடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மூட்டம் அவியும் வரையில் அதிலிருந்து எழும் புகை யாருடையது? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து வீட்டாருடையது என்றே வழக்கத்தில் தீர்மானமாகிவிட்டது. கண் எரிந்தால் அவர்கள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியது. யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை.

இந்தச் சிறு காரியத்துக்குள்ளே ஒரு பெரிய தர்மக் கேள்வி அடங்கியிருக்கிறது. நம் கையைவிட்டுக் காற்றிலே போன ஒன்றுக்கு நாம் பொறுப்பாளிகளா? இதை ஆராய அந்நிய தேசத்துக்குப் போக வேண்டியதில்லை. கொடைக்கானல் மலைக்குப் போனாலே போதும்.

1980-களின் முற்பகுதியில் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் ஊரிலிருந்த ஒரு வெப்பமானித் தொழிற்சாலை பெயர்த்துக்கொண்டு வரப்பட்டு, கொடைக்கானலில் சோலைக்காட்டின் ஓரத்தில் நிறுவப்பட்டது. முதலில் பாண்ட்ஸ் கம்பெனியுடையது. 1987-க்குப் பின் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நாவுக்கடியில் வைக்கும் அந்தச் சிறு கண்ணாடிக் குழல்தான் அங்கே தயாராயிற்று. அவற்றில் பெரும்பகுதி கப்பலேறி அயல்நாட்டுக்குப் போயிற்று. செய்த பொருள் நல்ல பொருள்தான். நோயைக் கண்டறிய உதவும் பொருளைப் போய் யார் குறை சொல்லுவார்?

ஆயினும் அதற்குள்ளே இருப்பது பாதரசம். தண்ணீரைப் போல ஓடும் இந்த உலோகம், அடுப்பில் வைத்துக் காய்ச்சாமலேயே, சாதாரண வெயிலிலும் மெல்ல மெல்ல ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, வாசனையில்லை. கரிமூட்டப் புகையாவது இருமலை வரவழைத்துத் தன் வருகையை அறிவித்துவிடுகிறது. இதுவோ ஓசைப்படாமல் ஜன்னல் வழியே வெளியேறி, மலைக்காற்றோடு அலைந்து, பனியோடும் மழையோடும் மரத்தின் மேலும் மண்ணின் மேலும் இறங்கிவிடும்.

2001-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் குவிந்து கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிப்படுத்தினார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்ததை இப்படி வாரி மூட்டை கட்டிவிடலாம். காற்றிலே போனதை எந்தச் சாக்கில் கட்டுவது?

அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவை மரத்திலும் பாறையிலும் படர்ந்த பாசிகள். மரப்பாசிக்கு மண்ணில் வேர் இல்லை. காற்றும் மழையும் கொண்டுவருவதைத்தான் அது உண்டு வாழ்கிறது. ஆகவே காற்றில் இருந்தது அதன் உடம்பிலும் இருக்கும். நம் அரசாங்கத்தின் அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஐதராபாத் விஞ்ஞானிகள் இந்தப் பாசிகளைச் சோதித்துப் பாதரசம் இருப்பதைக் கண்டார்கள். ஏரியையும் சோதித்தார்கள். 1863-இல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை வெட்டுவித்த, இன்று நாம் படகு விடும் அதே ஏரிதான். தொழிற்சாலை நின்று நாலு வருஷம் கழிந்த பிறகும் அந்த ஏரியின் தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் மீனிலும் பாதரசம் மிகுந்திருந்தது. தூரத்திலுள்ள பேரிஜம், குக்கல் ஏரிகளில் அவ்வளவு இல்லை. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மேலும் கொடிய உருவத்துக்கு மாற்றுகின்றன. அதைச் சிறு மீன் தின்று, சிறு மீனைப் பெரிய மீன் தின்று, கடைசியில் சட்டியில் வந்து சேருகிறது. தாய் உண்டால் கருவிலிருக்கும் குழந்தையின் மூளைவரை போகும். ஜப்பானில் மினமாட்டாக் கடற்கரைச் செம்படவக் குடும்பங்கள் இதனால் பட்ட துன்பம் 1956-இல் உலகுக்கு வெளிப்பட்டது. கடலை நம்பி வாழும் நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் நடந்ததையும் கேளுங்கள். இங்கிலாந்தில் நிலக்கரிப் புகை ஊரைக் கெடுக்கிறதென்று வானளாவப் புகைபோக்கிகள் கட்டினார்கள். ஊர் சுத்தமாயிற்று! அந்தப் புகையிலிருந்த கந்தகம் கடல் தாண்டிப் போய், அமில மழையாகச் சுவீடனிலும் நார்வேயிலும் பெய்தது. மழை மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போயிற்று. மண்ணில் கட்டுண்டிருந்த அலுமினியம் விடுபட்டு மரத்தின் வேரையும் மீனின் செவுளையும் தாக்கிற்று. ஏரித் தண்ணீரோ பார்வைக்குப் பளிங்கு போலத் தெளிவாயிருந்தது, உள்ளே மீனில்லை. 1979-இல் ஜெனீவாவில் தேசங்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்ய வேண்டியதாயிற்று. சுவீடன் நாட்டார் தங்கள் ஏரிகளில் வருஷா வருஷம் சுண்ணாம்பு கொட்டினார்கள். செலவு மட்டும் அவர்களுடையது.

இனி நம் கேள்விக்கு வருவோம். “நான் யாரையும் அடிக்கவில்லை, யார் பொருளையும் எடுக்கவில்லை; எவர் பெயரையும் நினைத்து இதைச் செய்யவில்லை” என்று ஒருவன் சொல்லலாம். அது மெய்தான். ஆனால் தெருவை நோக்கிக் கல்லெறிகிறவன், யார்மேல் விழும் என்று தெரியாததால் நிரபராதியாகிவிடுவானா? முகம் தெரியாதது அவனுக்குச் சௌகரியம். அடிபட்டவனுக்கு அதனால் வலி குறையப்போவதில்லை. அன்றியும், காற்று மாசைத் தடுக்கும் சட்டம் நம் தேசத்தில் 1981-லேயே வந்துவிட்டது. தெரியாமல் நடந்தது என்று சொல்ல இடம் குறைவு.

சிறு வயதில் ஞானோபதேசம் படித்தபோது, களவாடினதைத் திருப்பிக் கொடுக்கக் கடமையுண்டு என்று கற்றோம். கோழியைத் திருடினவன் கோழியைக் கொடுக்கலாம். மண்ணைக் கெடுத்தவன் எதைக் கொடுப்பது? 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருடன் கம்பெனி ஓர் உடன்படிக்கைக்கு வந்தது. மனிதாபிமானத்தின் பேரில் கொடுப்பதாகச் சொல்லிற்று, தொழிலாளரின் நோய்க்குத் தொழிற்சாலை காரணமென்பதை ஒப்பவில்லை. பணம் கைக்கு வந்தது நல்லதே. ஆனாலும் “தவறு எங்களுடையது” என்ற ஒரு சொல்லுக்கும் ஒரு விலை உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. பதினைந்து வருஷம் போராடினவர்கள் அதையும் எதிர்பார்த்திருப்பார்கள்.

மண் விஷயமோ இன்னும் சிக்கலானது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம்வரை இருக்கலாம் என்று வைத்துச் சுத்தம் செய்வதாகத் திட்டம் வகுத்தார்கள். போதாது, மேலும் சுத்தமாக்க வேண்டும் என்று ஆர்வலர்கள் வாதாடினார்கள். அதற்கு வந்த பதில்: இன்னும் ஆழமாகத் தோண்டினால் மரங்கள் விழும், மலைச்சரிவின் மண் கரைந்து பாம்பாற்றுச் சோலைக்குள் போகும் என்பது. இரண்டிலும் நியாயம் இருப்பதுதான் இதிலுள்ள துயரம். மரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் விஷத்தில் ஒரு பங்கை அதன் காலடியிலேயே விட்டுவைக்க வேண்டும். எனக்கோ, அந்த மரத்தை முன்னிறுத்தி வாதாடுவதைக் கேட்கும்போது ஒரு கூச்சம் உண்டாகிறது. தொழிற்சாலை ஓடிய காலத்தில் மரத்தின்மேல் இந்தக் கரிசனம் எங்கே இருந்தது?

பாம்பாறு மலையிறங்கி வைகையை நோக்கிப் போகிறது. வைகை, வெள்ளம் வந்த வருஷங்களில், நமக்குத் தெற்கே ஆற்றங்கரை அருகே நம்முடைய இதே பாக்கு நீரிணைக் கடலில் வந்து விழுகிறது.

போன மாதம் ஒரு மாலையில், நம் பங்கைச் சேர்ந்த வயதான தாயார் ஒருவர், பக்கத்துக் கொல்லையில் மூட்டம் போட்டவரிடம் போய், “தம்பி, என் பேத்திக்கு இளைப்பு. காற்று மாறினதும் பற்றவைக்கிறாயா?” என்று கேட்டாராம். அவர் இரண்டு நாள் பொறுத்துப் பற்றவைத்தார்.